அறிவித்தல் இன்னும் போகவில்லை

திருகோணமலையில் எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் சனம் முதலில் கேட்பது என் குரலைத்தான். ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டி மரண அறிவித்தல் சொல்வது என் தொழில். கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, தண்ணீர் வெட்டு என்று மற்றவற்றையும் சொல்வேன். ஆனாலும் ஊர் என்னைத் தெரிந்து வைத்திருப்பது சாவுக் குரலாகத்தான். சந்தைக்குப் போனால் மீன்காரர் மீனைக் காட்ட முதல் "இண்டைக்கு ஆர்?" என்றுதான் கேட்பார். அப்படிப்பட்ட நான், ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என் மரண அறிவித்தலை என் குரலிலேயே கேட்டேன். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன். கூடவே நோயைப் பற்றியும் எழுதுகிறேன். கேட்கிறவர்கள் பேய்க்கதையை மட்டும் கேட்டுவிட்டு, நோய்க்கு வரும்போது எழும்பிப் போய்விடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து பத்து வருடத்துக்கு மேல். குளிசையைச் சாப்பாட்டோடு போடச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் சாப்பாட்டுக்கு நேரம் இல்லை; செத்த வீட்டுக்காரர் கூப்பிட்டால் கையைக் கழுவிவிட்டு ஓட வேண்டும். போன இடத்தில் பால் விடாத பிளேன்டீ தருவார்கள். அழுது வீங்கிய முகத்தைப் பார்த்து "சீனி போடாமல் தாருங்கோ" என்று கேட்க எனக்கு வாய் வந்ததே இல்லை. இப்படியே சீனி ஏறும், இறங்கும். கால் கொஞ்சம் விறைக்கும். பெரிதாக ஒன்றும் இல்லை என்று இருந்துவிட்டேன்.

ஓட்டோவை ஓட்டுவது யூசுப். கிண்ணியாக்காரன், நெடுங்காலமாக என்னோடு கூட்டுத் தொழில் செய்பவன். தலைக்கு மேலே ஒலிபெருக்கி அலறுவதால் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் ஓட்டுவான். முன்பெல்லாம் நானும் பின்னால் இருந்து மைக்கில் சொல்லிக்கொண்டு போவேன். பிறகு வீட்டிலேயே பேசிப் பதிந்து பென்ட்ரைவில் போட்டுக் கொடுக்கத் தொடங்கினேன். முன்னறை ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டால் அதுதான் எங்கள் ஒலிப்பதிவுக்கூடம். அவசரத்துக்கென்று ஓட்டோவில் ஒரு மைக் எப்போதும் கிடக்கும். அதை வேறு யாராவது தொட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். மேடையில் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக் கத்திய எத்தனையோ பெரிய மனிதரிடம் போய், நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள் என்று சொல்லி முறைப்பு வாங்கியிருக்கிறேன். நான் அப்படி ஒரு முன்கோபக்காரன்.

நோய் எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டபோது யோசித்துப் பார்த்தேன். முதலில் போனது அந்தக் கோபந்தான். கவலை வந்ததென்று சொல்ல முடியாது. கவலைப்படக்கூட ஒன்றும் உள்ளே இருக்கவில்லை. மலர், என் மனைவி, நல்ல பாரைமீன் குழம்பு வைத்தாலும் வெறும் சோறு தந்தாலும் எனக்கு ஒன்றுதான். ஒரு சொல்லைத் தேடினால் அது வந்து சேர நேரம் எடுத்தது. நடை சுருங்கிப்போனது. காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தேன்.

எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாகத் திரியும். கோட்டைப் பக்கமும் கடற்கரையிலும் கூட்டமாக நிற்கும். ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் வழக்கமாக விலகி ஓடும். அந்த நாட்களில் ஒரு பின்னேரம் யூசுப் தேத்தண்ணி குடிக்கப் போக, நான் இறங்கிக் கடற்கரையில் நின்றேன். ஒரு மான் நேரே என்னை நோக்கி வந்தது. கை எட்டும் தூரத்தில் என்னைக் கடந்து, அங்கே ஆள் ஒருவரும் இல்லாத மாதிரி அப்பால் கிடந்த சோற்றுத்தாளை முகர்ந்தது. அதன் கண் என் மேல் பட்டது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் பயப்பட்டிருக்க வேண்டும். சரிதானே, செத்த ஆளை மான் எப்படிப் பார்க்கும் என்று மட்டும் நினைத்தேன். அப்படி ஓர் எண்ணம் எனக்குள் இருப்பதை அப்போதுதான் அறிந்தேன். எப்போது வந்து குடியிருந்ததோ தெரியாது.

பிறகு எல்லாம் அந்த எண்ணத்துக்குப் பொருத்தமாகவே நடந்தது. மலர் காலையில் பொட்டு வைத்துக்கொண்டு குசினிக்குள் போவதைப் பார்க்கும்போது, பாவம், இவளுக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை என்று நினைப்பேன். படுக்கையில் கிடந்தபடி வீதியில் ஓட்டோச் சத்தம் வருகிறதா என்று காது கொடுப்பேன். இன்றைக்கு என் அறிவித்தல் போகும், போனால் எல்லாரும் தெரிந்துகொள்வார்கள், மலரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சமைக்கத் தேவையில்லை. இதையெல்லாம் பதற்றமில்லாமல்தான் யோசித்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தொழில் முன்னைவிட நன்றாக நடந்தது. என் குரல் தட்டையாகிவிட்டது, ஏற்ற இறக்கம் எல்லாம் போய்விட்டது. செத்த வீட்டுக்காரருக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒருவர் என் கையைப் பிடித்து, "தவராசா அண்ணை, இப்பதான் உங்கட குரலில ஒரு கனம் வந்திருக்கு" என்றார். வேறு தொழில் செய்திருந்தால் யாராவது சுகமில்லையா என்று கேட்டிருப்பார்கள். என்னை மெச்சினார்கள்.

கண்டுபிடித்தது மலர்தான். எங்கள் உப்புவெளி அம்மன் கோயில் திருவிழாவுக்கு நான் பதிந்து கொடுத்த அறிவித்தலோடு யூசுப் எங்கள் ஒழுங்கையால் போனான். மலர் குசினியிலிருந்து அகப்பையும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்து, "ஆர் செத்தது?" என்று கேட்டாள். அயலட்டைச் சனம் முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. உள்ளே வந்து என் முகத்தைக் கனநேரம் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, தேர் வருகுது எண்டு சொல்லேக்க உங்கட குரல் ஏன் இப்பிடி இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அவள் உடனே என் விரலைக் குத்திச் சீனி பார்த்தாள். அவளுக்கு எல்லாமே சீனிதான். நான் பேசாமல் இருந்தால் சீனி இறங்கிவிட்டது, அதிகம் படுத்தால் சீனி ஏறிவிட்டது. இறங்கியிருக்கிறது என்று குளுக்கோசு கரைத்துத் தருவாள், ஏறியிருக்கிறது என்று பாகற்காய்ச் சாறு தருவாள். இரண்டையும் ஒரே முகத்தோடு குடிப்பேன். இருந்தாலும் வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை வர முதல் இரண்டு காரியம் நடந்தன. மலர் சந்தைக்குப் போயிருந்த ஒரு காலை, நான் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, திருவிழா அறிவித்தல் கிடந்த அதே பென்ட்ரைவில் என் அறிவித்தலைப் பதிந்தேன். பிழையில்லாமல் ஒரே மூச்சில் வந்தது. இறுதிக்கிரியை நேரம் தெரியாததால் "பின்னர் அறியத்தரப்படும்" என்று முடித்தேன். சாக வேண்டும் என்ற ஆசை எனக்கு இருக்கவில்லை. தேங்கிப்போன ஒரு வேலையை முடித்து வைத்தேன், அவ்வளவுதான். பென்ட்ரைவை யூசுப் எடுக்கிற இடத்தில், கதிரை மேல் வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் கிணற்றடியில் இடது கால் சொல்வழி கேட்கவில்லை. விழுந்தேன். மலர் கூப்பிட்டதற்கு நான் சொன்ன பதில் வாய்க்குள்ளேயே குழைந்தது. யூசுப் ஒலிபெருக்கியைக்கூடக் கழற்றாமல் அதே ஓட்டோவில் என்னைக் கொண்டு ஓடினான். வழியில் எங்களைக் கண்ட சனம், ஏன் இவர்கள் சத்தமில்லாமல் போகிறார்கள் என்று யோசித்திருக்கும்.

ஆசுபத்திரி நாட்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். வரிசை, உட்கார மர வாங்கு, பெயர் கூப்பிடும்வரை காத்திருத்தல். இரத்தம் எடுத்தார்கள். கடைசி மூன்று மாதச் சீனி எப்படி இருந்தது என்று காட்டுகிற ஒரு சோதனை உண்டு. அன்று காலை மட்டும் நல்ல பிள்ளையாக இருந்து அதை ஏமாற்ற முடியாது. என் கணக்கு மோசமாக இருந்தது. தலையை ஸ்கான் எடுத்தார்கள். அது போதாதென்று வேறு ஊர் ஆசுபத்திரிக்கு ஒருநாள் அனுப்பி, குழாய் மாதிரியான இயந்திரத்துக்குள் படுக்கவைத்து இன்னொரு ஸ்கான் எடுத்தார்கள். அதற்குள் டக்டக்கென்று அடிக்கும் சத்தத்தைக் கேட்டு மற்றவர்கள் பயப்படுவார்களாம். நான் பறை அடிக்கிறார்கள் என்று நினைத்து, என் பாட்டுக்குக் கிடந்தேன்.

படத்தை வெளிச்சத்தில் வைத்து டொக்டர் அம்மா எங்களுக்கு விளக்கினார். மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் பரவாயில்லை. உள்ளே மயிரளவு மெல்லியவைதான் தடித்து ஒடுங்கிப்போயிருந்தன. கூடின சீனி வருடக் கணக்கில் கண்ணிலும் காலிலும் சிறுநீரகத்திலும் செய்கிற வேலையை மூளையிலும் செய்திருந்தது; கூடவே பிரஷரும் சேர்ந்திருந்தது. இரத்தம் போதாத இடங்கள் படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்று முழுதாக அடைத்ததால்தான் கால் இழுத்தது. அது சிறிய அடைப்பு, கால் திரும்பும் என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் புதிது. அந்தப் புள்ளிகள் விழுந்த பாதைகளால்தான் நினைப்பும் நடையும் விருப்பமும் ஓடித் திரிகின்றனவாம். அவை பழுதாகும்போது சிலருக்கு மனச்சோர்வு வரும். அழுகை இருக்காது, ஆள் மெல்ல மெல்ல அணைந்துபோவார். சோர்ந்த ஆள் குளிசையை விடுவார், நடக்கமாட்டார், அதனால் சீனி இன்னும் ஏறும், ஏறின சீனி குழாய்களை இன்னும் கெடுக்கும். எல்லாருக்கும் இப்படி வருவதில்லை, ஆனால் சீனி, குழாய், சோர்வு மூன்றும் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு வருவது உண்டு என்றார். மலர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சீனிதான் எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் மனநல வைத்தியர் வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். கட்டில் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, காலையில் கண் விழித்தவுடன் முதலில் என்ன யோசிப்பீர்கள் என்று கேட்டார்.

"இண்டைக்கு அறிவித்தல் போகுமோ எண்டு."

"ஆற்ற அறிவித்தல்?"

"என்ர."

அவர் திடுக்கிடவில்லை. "நீங்கள் எப்ப செத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"நாள் சரியாத் தெரியாது ஐயா. அறிவித்தல்தான் இன்னும் போகேல்ல."

சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா என்று கேட்டார். செத்த ஆள் ஏன் திரும்பச் சாக வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். கட்டில் காலடியில் மலர் சுடுதண்ணீர்ப் போத்தலோடு நின்றதை நான் கவனிக்கவில்லை. அவள் அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, டொக்டருக்குப் பின்னால் வெளியே போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். இவர் இப்படியே போய்விடுவாரா, திரும்பி வருவாரா என்று அவரைக் கேட்டாளாம். மருந்து வேலை செய்ய வாரக்கணக்கு எடுக்கும், அதுவரை அவரைத் தனியே விடாதேயுங்கள் என்றாராம். அன்றிலிருந்து பார்வையாளர் நேரம் முடிந்தாலும் மலர் போகமாட்டாள். தாதிமார் கண்டும் காணாத மாதிரி விட்டார்கள்.

தேருக்கு முதல்நாள் பின்னேரம் அது நடந்தது. கோயில்காரர் இன்னொருமுறை அறிவித்தல் போகவேண்டும் என்று கேட்க, யூசுப் கதிரையில் கிடந்த பென்ட்ரைவைப் போட்டுக்கொண்டு புறப்பட்டிருக்கிறான், காதில் பஞ்சோடு. வார்ட்டில் நாங்கள் முதலில் கேட்டது தேர்த்திருவிழாவை. உட்துறைமுக வீதிப் பக்கமிருந்து காற்றோடு வந்தது. பிறகு கொஞ்சம் மௌனம். பிறகு என் குரல்.

"உப்புவெளியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட கந்தையா தவராசா அவர்கள் காலமானார். அன்னார் மலர்விழியின் அன்புக் கணவர் ஆவார்."

வளைவில் திரும்பியபோது சத்தம் தேய்ந்து, அடுத்த வீதியில் முன்னைவிடத் தெளிவாக வந்தது. பக்கத்துக் கட்டிலில் மூதூர் மீன்பிடிகாரர் காசிம் காக்கா இருந்தார். அவர் என் தலைமாட்டில் தொங்கிய பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தொங்கப்போட்டிருந்த கால் இரண்டையும் மெல்லத் தூக்கிக் கட்டிலுக்குள் வைத்துக்கொண்டார். துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாகக் கூவி ஓய்ந்தது.

எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை இப்போது எழுதும்போதுதான் பயமாக இருக்கிறது. அன்றைக்கு, கடைசியில் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மலரைப் பார்த்தேன். இனி அவளுக்கும் தெரியும்.

"சரி மலர். சொல்லிப்போட்டாங்கள். இனி நீ வீட்டை போ."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. பிறகு செருப்பைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

வெளியே நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டு வாசலில் அதற்குள் கதிரைகள் அடுக்கியாகிவிட்டது. திரியாயிலிருந்து என் தங்கை அழுதபடி பஸ் ஏறிவிட்டாள். தேர் அறிவித்தலோடு சாவு அறிவித்தலா, துடக்கல்லவா, தீட்டல்லவா என்று கோயில்காரர் சந்தியில் நின்று குதித்தார்கள். யூசுப் மட்டும் ஒன்றும் கேளாமல் ஊரை வலம் வந்தான். வழியில் சனம் கையைக் காட்டியதைப் பார்த்து, தேருக்கு நல்ல வரவேற்பு என்று நினைத்தானாம். மலர் நடுவீதியில் ஓட்டோவை மறித்தாள். அவன் பஞ்சை எடுத்தான். விஷயம் தெரிந்ததும் கைப்பிடியில் தலையை வைத்து அழத் தொடங்கிவிட்டான். அவனால் ஒன்றும் ஆகாது என்று கண்டு மலர் பின்னால் ஏறினாள்.

எங்களுக்குக் கேட்டது முதலில் ஒரு கீச்சொலி. பிறகு டம் டம் என்று யாரோ மைக்கைத் தட்டினார்கள். பிறகு வாழ்நாளில் மைக்கைத் தொட்டிராத ஒரு பெண்ணின் குரல்.

"இது அறிவித்தல். தவராசா சாகேல்ல. ஆசுபத்திரியில இருக்கிறார். சீனி வருத்தத்தால மூளைக்குப் போற சின்ன ரத்தக் குழாயெல்லாம் ஒடுங்கிப்போச்சு. மனமும் சோர்ந்துபோச்சு. தான் செத்துப்போனனான் எண்டு அவர் நினைச்சுக்கொண்டு கிடக்கிறார். அவரைத் தெரிஞ்சாக்கள் தயவுசெய்து வந்து, அவர் உயிரோட இருக்கிறார் எண்டு அவருக்குச் சொல்லுங்கோ. வாறாக்கள் இனிப்பு ஒண்டும் கொண்டுவர வேண்டாம்."

மனவருத்தம் என்றால் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற ஊர் இது. அவள் அதை ஒலிபெருக்கியில், வீதி வீதியாக, திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அதொன்றும் உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது வேறு. அவள் மைக்கை விழுங்குகிற மாதிரிப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு சொல்லும் வெடித்து வந்தது. பாதி வசனம் காற்றோடு போனது. பிறப்பிடமும் இல்லை, வசிப்பிடமும் இல்லை, முடிவும் இல்லை. என் வயிற்றிலிருந்து ஏதோ சூடாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. என்னவென்று எனக்கே உடனே பிடிபடவில்லை.

"மைக்கை நாலு விரல் தள்ளிப் பிடிக்க வேணுமல்லோ" என்றேன், சத்தமாக.

காசிம் காக்கா மெல்லக் காலைக் கீழே இறக்கினார்.

சனம் வந்தது. மீன்காரர் வந்தார், சந்தையில் முகம் மட்டும் தெரிந்தவர்கள் வந்தார்கள், நான் அறிவித்தல் சொன்ன சாவு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல், மலர் சொன்னபடியே கட்டிலடியில் நின்று, "தவராசா அண்ணை, நீங்கள் உயிரோடதான் இருக்கிறீங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பொய்ச்சாவு சொன்னால் ஆயுசு கூடும் என்றார் ஒருவர். யூசுப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கடைசியில் தாதி வந்து எல்லாரையும் கலைத்தார்.

இதோடு குணமாகிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தச் சூடு உடனே அணைந்துவிட்டது. அடுத்த பல காலைகளில் நான் திரும்பவும் செத்துத்தான் விழித்தேன். மனச்சோர்வுக்கு ஒரு குளிசை, இரத்தம் உறையாமல் ஒன்று, பிரஷருக்கு ஒன்று, சீனிக்குக் காலையும் மாலையும் ஊசி. பின்னேரத்தில் கடற்கரையில் நடை. இப்போது மான்கள் என்னைக் கண்டால் விலகுகின்றன. சீனி வருத்தக்காரர் யாராவது உங்கள் வீட்டில் காரணமில்லாமல் அமைதியாகிப்போனால், விரலில் மட்டும் குத்திப் பார்த்துவிட்டு விடாதேயுங்கள், டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள். செத்த வீட்டுப் பிளேன்டீயைச் சீனியில்லாமல் கேட்க நானும் பழகிவிட்டேன்.

அன்றைக்குச் சனமெல்லாம் போனபின் மலர் வார்ட்டுக்குத் திரும்பினாள். தொண்டை கட்டிப்போயிருந்தது. கட்டில் விளிம்பில் இருந்தாள்.

"மைக்கை ஏன் அப்பிடிப் பிடிச்சனீ?" என்று கேட்டேன். "ஒரு சொல் விளங்கேல்ல."

அவள் போர்வையை இழுத்து என் காலை மூடினாள்.

"செத்த ஆளுக்கு அதால என்ன?" என்றாள்.

கீழே பார்த்தேன். அவளுடைய உள்ளங்கால் முழுக்கத் தார் ஒட்டிக் கறுத்திருந்தது. விரலோரம் தோல் உரிந்திருந்தது.

"சுட்டதோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள்.